கால் நூல்

பிரிவினைப் பட்டியலில்
நாற்பத்தொன்றாம் வரி: மேசை ரம்பம், அவனுக்கு.
நாற்பத்திரண்டு: காடித் தகடுப் பெட்டி, எனக்கு.
எழுதிய வக்கீல் ஒரு பலகைகூட அறுத்தவரில்லை.
அம்மியை ஒரு வீட்டுக்கும்
குழவியை இன்னொரு வீட்டுக்கும் அனுப்பிவிட்டுக்
கட்டணத்தை முழுசாக வாங்கிக்கொண்டார்.

ஆகவே வியாழன் மாலை
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன்.
விஸ்கான்சினில், சுப்பீரியர் நகரில், பிப்ரவரி.
ஏரி உறைந்து மூன்று வாரம்.
வெர்னர் கராஜ் கதவை இடுப்பளவு தூக்குகிறான்,
மேலே போனால் சூடு போய்விடும்.
குனிந்து நுழைகிறேன்.

"எத்தனை தட்டு, மார்லிஸ்?"
"ஆறு."
"ஆணி போதாதா?"
"அறுபத்திரண்டு ஜாடி பீட்ரூட் ஊறுகாய்.
ஆணியை நம்பி அதன் கீழே தூங்க மாட்டேன்."

முதலில் பிளக்.
பிடுங்கிய முனையை மேசை மேலேயே வைக்கிறான்,
இருவர் கண்ணிலும் படும்படி.
பத்தொன்பது வருஷத்தில்
ஒரு தடவையும் நாங்கள் மீறாத ஒரே ஒப்பந்தம்.

வாய்ப்பலகையை நீக்கி
அன்றாடத் தகட்டைக் கழற்றினால்
அச்சு மட்டும், பல் விழுந்த ஈறு மாதிரி.
வெளித்தகடு ஒன்று. அதன் மேல் சிப்பர்.
ஒன்றின் பல் அடுத்ததன் பல்லில் முட்டக் கூடாது,
பள்ளம் பார்த்துப் படுக்க வேண்டும்.
ஒவ்வொன்றையும் சற்றே திருப்பி
விசிறியாய் விரித்து வைக்கிறேன்.
அவன் டார்ச் பிடிக்கிறான். தப்பான பக்கத்திலிருந்து.

ப்ளைவுட் முத்திரை சொல்வது முக்கால் அங்குலம்.
ஆறு நூல் என்று விற்பான்,
அளந்தால் கால் நூல் குறையும்.
முத்திரையை நம்பிக் காடி எடுத்தால்
தட்டு ஆடும், ராத்திரியில் ஜாடி நடக்கும்.

வெளித்தகடு இரண்டு, சிப்பர் மூன்று,
அரை நூல் கனத்தில் குட்டிச் சிப்பர் ஒன்று:
ஐந்தரை. இன்னும் கால்.
அதற்கென்று பெட்டியில் மெல்லிய வட்டங்கள் உண்டு,
அச்சின் புரியில் விழுந்தால் நசுங்கும் ஜாதி.
இரண்டு நசுங்கிக் கிடந்தன.
நீ அவசரப்பட்டிருப்பாய் என்று அவன் சொல்லவில்லை.
சொல்லாதது காதில் விழுந்தது.

இருந்ததைப் போட்டுக் கழிவுக் கட்டையில் ஒரு சோதனை.
சாதாரணத் தகடு கீச்சிடும்,
இது அடித்தொண்டையில் உறுமுகிறது.
அவல் அவலாய்த் தெறிக்கிறது மரம்.
தட்டின் விளிம்பு காடிக்குள் இறங்கவில்லை.
சுத்தியலை எடுக்கிறான்.
வேண்டாம் என்கிறேன்.
அடித்து நுழைத்தது பசை குடித்து வீங்கும்,
வீங்கினால் ஓரம் பிளக்கும்.
அழுத்தினால் போக வேண்டும்,
தூக்கினால் விழக் கூடாது.

இரண்டு கடுதாசிக் கனம் போதும்.
பர்ஸைத் துழாவி ஒரு கார்டை எடுத்தான்.
வக்கீலுடையது. தங்க எழுத்து.
கத்தரியால் ஒரு வட்டம், நடுவே ஒரு துளை.
"குடும்ப வழக்கு" என்றதில்
குடும்பம் வட்டத்தில் தங்க, வழக்கு தரையில் விழுந்தது.
அவன் சிரிக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

செருகி, மரையை முறுக்கி,
கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன்.
எங்கும் உரசவில்லை.
பிளக்.

இந்த முறை உள்ளங்கை அழுத்தியதும்
தட்டு உள்ளே போனது,
சிக்கிய காற்று புஸ்ஸென்று வெளியேறியது.
பக்கப் பலகையோடு சேர்த்துத் தலைகீழாய்த் தூக்கிப் பிடித்தான்.
தொங்கியது. விழவில்லை.
இருவரும் அதையே பார்த்து நின்றோம்,
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.

எட்டரைக்குக் கடைசி பஸ்.
தகடுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினேன்.
கார்டு வட்டம் மேசையில் கிடந்தது,
பட்டியலில் எந்த வரியிலும் இல்லாத சாமான்.
நான் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை.
இன்னும் இரண்டு பலகை பாக்கி.
அடுத்த வியாழன் காற்றில் ஈரம் எப்படியோ,
மறுபடி அளக்க வேண்டும்.